ரிட்டர்ன் பூஜ்யம்

சி மொழியில் ஒரு ஃபங்ஷன் பூஜ்யத்தைத் திருப்பித் தந்தால், பெரும்பாலும் ‘சொன்ன வேலை முடிந்தது’ என்று அர்த்தம். வேலையே செய்யாமல் பூஜ்யத்தை நீட்டினால் அது பொய்யா? ஒரு ராத்திரி இந்தக் கேள்வியில் வசமாக மாட்டிக்கொண்டேன்.

ஜிசிசி கம்பைலரோடு லிப்கோம்ப் என்றொரு லைப்ரரி வரும். ஓப்பன்எம்பி முறையில் எழுதிய புரோகிராமின் வேலையைப் பல த்ரெட்களுக்குப் பங்குபோட்டுக் கொடுப்பது அதன் பொறுப்பு. லினக்ஸில் அது கர்னலின் ஃபியூடெக்ஸ் வசதியை நம்பியிருக்கிறது. மற்ற இடங்களில் போசிக்ஸ் மியூடெக்ஸையும் செமஃபோரையும். பொழுதுபோக்காகச் சிலர் எழுதிவரும் ஒரு சின்ன ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு அதைக் கொண்டுபோக உட்கார்ந்தேன். அங்கே த்ரெட் இருந்தது. பூட்டுகள் பாதிதான் இருந்தன. ‘இந்தப் பெயரைக் காணோம், அந்தப் பெயரைக் காணோம்’ என்று லிங்கர் அடுக்கிக்கொண்டே போனது. பொறுமை போய், காணாத ஒவ்வொரு பெயருக்கும் ஒரு ஃபங்ஷன் எழுதினேன். உள்ளே ஒரே வரி: ரிட்டர்ன் பூஜ்யம். பில்ட் ஆகிவிட்டது. அப்பாடா என்றிருந்தது.

சோதனைக்கு 4 த்ரெட். ஒவ்வொன்றும் பூட்டைப் போட்டுக்கொண்டு, ஒரே எண்ணியை 1,00,000 முறை கூட்டவேண்டும். ஒரு கோர் மட்டும் கொடுத்த விர்ச்சுவல் மெஷினில் விடை 4,00,000. சரிதான். மறுநாள் நான்கு கோர் கொடுத்தேன். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு விடை, எல்லாமே குறைவு. எரர் ஒன்றுகூட இல்லை. அதுதான் பயமுறுத்தியது.

வெற்று ஃபங்ஷன் எல்லாமே பொய் இல்லை. எந்த த்ரெட் எந்த கோரில் ஓடலாம் என்று சொல்லும் பகுதிக்கு, லிப்கோம்பின் பொதுவான வடிவத்திலேயே வெற்று ஃபங்ஷன்தான் இருக்கிறது. அது இல்லாவிட்டால் வேகம் குறையலாம், விடை மாறாது. மேக்கில் பெயரில்லாத செமஃபோரை உருவாக்கும் ஃபங்ஷன் பெயரளவில்தான் உண்டு. ஆனால் கூப்பிட்டால் ‘இங்கே இது இல்லை’ என்று எரர் தந்துவிடும். அதற்காகவே லிப்கோம்ப் மாற்றுவழி வைத்திருக்கிறது. இல்லாததை இல்லையென்று சொன்னால், எதிராளி வேறு வழி பார்த்துக்கொள்வான்.

தெரு கிரிக்கெட்டில் ஒப்புக்குச் சப்பாணியாக ஒரு பொடியனைச் சேர்த்துக்கொள்வோம். அவன் கணக்கில் இல்லை என்று எல்லாருக்கும் தெரியும்; அதில் ஏமாற்று இல்லை. ஆனால் அவனை விக்கெட் கீப்பராக நிறுத்திவிட்டு, பௌலரிடம் ‘பின்னாடி நல்ல ஆள் நிக்குது, தைரியமா போடு’ என்றால்? என் பூட்டு அப்படித்தான் நின்றது. ஒருவன் நம்பி முதுகைக் காட்டும் இடத்தில்தான் வெறுமை பொய்யாகிறது.

‘அந்த சிஸ்டத்துல யாருப்பா ஓட்டப்போறாங்க?’ என்று மனசு சமாதானம் சொன்னது. உண்மைதான், மிகச் சிலர்தான். ஆனால் லட்சம் பேர் பயன்படுத்தும் இடத்தில் என் பொய்யை ஒருவராவது ஒரு வாரத்தில் பிடித்துவிடுவார். நாலு பேர் இருக்கும் இடத்தில் அது வருஷக்கணக்காக நிற்கும். அந்த நாலு பேரும் தப்பான கூட்டலை வைத்துக்கொண்டு, தங்கள் கணக்கில்தான் பிழை என்று தேடிக்கொண்டிருப்பார்கள். ஆள் குறையக் குறைய நம் பொறுப்பு கூடத்தான் செய்கிறது.

கோர் ஒதுக்கும் வெற்று ஃபங்ஷனை அப்படியே விட்டேன். பூட்டுகளை அழித்தேன். இப்போது பில்ட் ஆகவில்லை. லிங்கர் மறுபடி ‘காணோம்’ என்கிறது. அது சொல்வது உண்மை.