யார் கையாள வேண்டும்?

2019இல் உலக சுகாதார நிறுவனம் பர்ன்-அவுட்டுக்கு ஒரு விளக்கம் கொடுத்தது: வெற்றிகரமாகக் கையாளப்படாத, நாள்பட்ட பணியிட மன அழுத்தத்தின் விளைவு. நோய் என்று சொல்லவில்லை. வேலை சார்ந்த நிலை என்றது. 'கையாளப்படாத' என்ற அந்தச் செயப்பாட்டு வினையில்தான் சிக்கல். கையாள வேண்டியது யார்?

சர்வரில் லோடு ஏறினால் நாங்கள் அதற்கு மூச்சுப்பயிற்சி சொல்லித்தருவதில்லை. லோடைப் பிரித்து, இன்னொரு சர்வர் சேர்க்கிறோம். ராத்திரி ரெண்டு மணிக்கு அலர்ட் வந்து எழுந்தவருக்கு மட்டும் தியான ஆப். மூச்சுப்பயிற்சி வீண் இல்லை, படபடப்பு அடங்கும்தான். ஆனால் அலர்ட் நாளைக்கும் வரும்.

வேலை நேரம் முடிந்தபின் தொடர்பைத் துண்டிக்கும் உரிமை பற்றி, 50 பேருக்குக் குறையாத நிறுவனங்கள் ஊழியர்களோடு பேசியாக வேண்டும் என்ற சட்டம் பிரான்ஸில் 2017இல் நடைமுறைக்கு வந்தது. தூக்கம் கெடுவது என் பலவீனமா என்று கேட்கும் முன், இந்த மாதம் எத்தனை ராத்திரி எழுப்பப்பட்டோம் என்று எண்ணலாம். அந்த எண்ணிக்கையை மேனேஜர் முன்னால் வைப்பதும் நம்மை நாமே பார்த்துக்கொள்வதுதான்.