இயந்திரம் காணாத களவு



ஆராய்ச்சிப் பட்டத்துக்குத் தமிழில் ஆய்வேடு எழுதியுள்ள வாலிபன் ஒருவன் குருமனைக்கு வந்தான். (அவன் சம்மதத்தோடேயே எழுதுகிறேன், யாரென்று தேட வேண்டாம்.) "சுவாமி, கம்ப்யூட்டர் சோதனையில் 9 சதவீதந்தான் ஒற்றுமை வந்தது" என்று சந்தோஷப்பட்டவன், குரலைத் தாழ்த்தி, "ஓர் அத்தியாயம் இங்கிலீஷ் புத்தகத்தைப் பெயர்த்தெழுதியது. அது அகப்படவில்லை" என்றான்.

பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் வகுத்த விதிப்படி, பிறர் எழுத்தோடு ஒற்றுமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனையில்லை. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும். விதியைக் குறை சொல்லேன். தற்செயலாக ஒத்துப்போகும் வார்த்தைகளும் உண்டல்லவா? ஆனால் இயந்திரம் எண்ணுவது வார்த்தைகளை. ஏழாம் கற்பனையோ, பொருள் யாருடையது என்று கேட்கிறது. பத்து மீனில் ஒன்றை அயலான் வலையிலிருந்து எடுத்தால், அந்த ஒன்று களவில்லையா?

மொழிபெயர்ப்பது பாவமல்ல. நம் முத்துக்குளித்துறையில் உழைத்த அண்டிரிக் அடிகளார் 1579-ல் கொச்சியில் அச்சிடுவித்த ஞானோபதேச நூலும் மொழிபெயர்ப்பே. போர்த்துகலில் மார்க்கோஸ் ஜார்ஜ் சுவாமியார் இயற்றியதென்றும், தமிழாக்கியது தாமென்றும் அதன் முகப்பிலேயே அச்சாகியிருக்கிறது. அதனால் அவர் உழைப்பு குறைந்துபோயிற்றா?

"மூல ஆசிரியர் பெயரைச் சேர்த்துவிடு" என்றேன்.

"சோதனையில் தப்பியதை நானே காட்டிக்கொடுப்பதா? பட்டம் தள்ளிப்போனால் வீட்டில் என்ன சொல்லுவேன்?"

அவன் பயம் நியாயமானதே. ஆய்வேட்டின் முன்பக்கத்தில், இது என் சொந்த ஆராய்ச்சி என்று அவன் கையெழுத்திட வேண்டிய உறுதிமொழி இருந்தது. அதை உரக்க வாசிக்கச் சொன்னேன். பாதியில் நிறுத்திவிட்டான்.