திலகவதியார் இருந்தார்

(சோழவந்தான் ஜெனகை மாரியம்மன் கோயில் வைகாசித் திருவிழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

பின்னாடி கேக்குதா? டீக்கடைப் பக்கம் நிக்கிறவங்களையும் சேத்துத்தான் கேக்குறேன். உள்ள வந்து உக்காருங்கப்பா, ஆத்தா ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டா.

கமிட்டிக்காரங்க எனக்குக் குடுத்த தலைப்பு ‘அப்பர் பெருமான்’. அப்பரைப் பத்திப் பேசணும்னா அவரோட அக்காவைப் பத்திப் பேசாம முடியாது. இன்னிக்கு அக்காவுக்கே நேரம் சரியாப் போயிரும்னு நெனைக்கிறேன். போகட்டும்.

திருவாமூர். புகழனார், மாதினியார். மூத்தவ திலகவதியார், இளையவர் மருள்நீக்கியார், அவர்தான் பின்னாடி அப்பர். உங்களுக்குத் தெரிஞ்ச கதைதான். பொண்ணுக்குப் பன்னெண்டு வயசு. கலிப்பகையாருக்குப் பேசி முடிச்சாச்சு. அவர் அரசன் சொல்படி போருக்குப் போயிட்டார். இங்க அப்பா போறார், அம்மாவும் போறாங்க. அந்த ஈரம் காயறதுக்குள்ள போர்க்களத்துல இருந்து சேதி வருது, கலிப்பகையாரும் இல்ல. பன்னெண்டு வயசுப் பொண்ணு, ஒண்ணு பின்னாடி ஒண்ணா மூணு சாவு. இனி எதுக்கு இருக்கணும்னு தோணிப் போச்சு.

கமிட்டியில ஒரு பெரியவர் கேட்டார், “சாமி, திருவிழா நேரத்துல சன்னிதியில தற்கொலைன்னு வாயால சொல்லலாமா?”ன்னு. சொல்லித்தான்யா ஆகணும். சேக்கிழார் பெரியபுராணத்துலயே எழுதியிருக்கார். உயிரை விடணும்னு நெனைச்ச பொண்ணை நாயன்மாரோட அக்காவா, தெய்வமாக் கும்பிடுறோம். நெனைச்சதுக்காக அவங்களைப் பாவின்னு யாராச்சும் சொன்னாங்களா? நம்ம வீட்டுப் பிள்ளை நெனைச்சா மட்டும் ஏன் கோழைங்கிறோம், நன்றி கெட்டவங்கிறோம்?

சரி, தம்பி என்ன செஞ்சார்? அது பாவம்னு சொன்னாரா? ஊர் என்ன பேசும்னு சொன்னாரா? ‘உனக்கு என்ன குறை வச்சோம்’னு கேட்டாரா? இதெல்லாம் நாம கேக்குறது. அவர் அக்கா காலைக் கட்டிக்கிட்டு அழுதார். அம்மா அப்பா போன பெறகும் உங்களைப் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன், என்னைத் தனியா விட்டுட்டா போகப்போறீங்கன்னார். நீங்க போனா எனக்கும் உயிர் வேண்டாம்னும் சொல்லுவார். அது சின்னப்பிள்ளைப் பேச்சு, அதைப் பிடிச்சுக்காதீங்க. நீங்க எனக்கு வேணும்னு சொன்னார் பாருங்க, அதைப் பிடிச்சுக்கங்க.

திலகவதியார் இருந்தார்.

துக்கம் தீந்து போச்சுன்னா இருந்தாங்க? அப்படிச் சேக்கிழார் சொல்லவே இல்ல. துக்கத்தோடயே இருந்தாங்க. தம்பி ஒருத்தனுக்காக இருந்தாங்க. இருந்ததால என்ன ஆச்சு? அப்பர் கிடைச்சார். திருமறைக்காட்டுல ஞானசம்பந்தப் பிள்ளை மதுரைக்குக் கிளம்பினப்போ, நாளும் கோளும் நல்லா இல்லையேன்னு பதறி நின்னாரே, அந்த அப்பர். பிள்ளை கேக்கல, வந்துச்சு. சமணர்களோட வாதம் நடந்து, வைகையில ஏடு விட்டாங்க. அது ஆத்தை எதிர்த்து எங்க வந்து நின்னுச்சு? இந்தா பக்கத்துல, நம்ம திருவேடகத்துல! திலகவதியார் மட்டும் அன்னிக்கு இல்லாமப் போயிருந்தா தேவாரத்துல நாலாம், அஞ்சாம், ஆறாம் திருமுறை ஏது? சொல்லுங்க. சத்தமாச் சொல்லுங்க. திலகவதியார்... இருந்தார். அந்தப் பொம்பளையாளுக மட்டுந்தான் சொல்றாங்க, ஆம்பளைகளுக்கு வாய் வலிக்குதோ?

இப்ப நம்ம காலத்துக்கு வருவோம். நம்ம தேசத்துல 2022-ல மட்டும் உயிரை மாய்ச்சுக்கிட்ட மாணவர்கள் 13,044 பேர். தேசிய குற்ற ஆவணக் காப்பகம் சொல்ற கணக்கு. எல்லாம் மார்க்கு, நீட்டுன்னு நாம பேசுறோம். அதுவும் உண்டு. ஆனா பதினெட்டு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைக விஷயத்துல அந்தக் கணக்கு முதல் காரணமாச் சொல்றது குடும்பப் பிரச்சினை. குடும்பம்னா யாரு? நாமதான். ஒரே காரணத்தால இது நடக்கிறதும் இல்ல. பல நாள் சேந்த பாரத்து மேல கடைசியா ஒண்ணு வந்து விழும்.

வைகாசியில நமக்குத் திருவிழா. அதுக்குக் கொஞ்சம் முன்ன பின்ன பிள்ளைகளுக்கு ரிசல்ட்டு. மாநிலத்துல முதலிடம், ரெண்டாமிடம்னு அறிவிக்கிறதை அரசாங்கம் 2017-லயே நிறுத்திருச்சு. நம்ம சொந்தக்காரன் நிறுத்தினானா? பல்லு விளக்குறதுக்கு முன்னாடி போன் போடுறான், “மாப்ளே, பையன் எவ்வளவு?” உன் மகன் போன வருஷம் எவ்வளவுன்னு திருப்பிக் கேட்டுப் பாருங்க, டவர் கிடைக்காது. (சிரிப்பு) சிரிக்கிறீங்க, போன் போட்டவங்களும் இங்கதான் உக்காந்திருக்கீங்க. பெயிலானா துணைத் தேர்வு இருக்கு, சில வாரத்துலயே எழுதிரலாம், அதே வருஷம் மேல படிக்கலாம். இதை ரிசல்ட்டுக்கு முதல் நாளே பிள்ளைகிட்ட உக்காந்து சொல்லிருங்க.

இது வெத்தலை ஊரு. சோழவந்தான் வெத்தலைக்கு 2023-ல புவிசார் குறியீடே வாங்கியிருக்கோம். கொடிக்கால்ல ஒரு இலை நுனி கருகினாத் தெரியுது, எந்தக் கொடின்னு நேராப் போய் நிக்கிறீங்க. வீட்டுல பிள்ளை ரெண்டு நாளாத் தட்டைத் தள்ளி வச்சிட்டு எந்திரிக்குது, ராத்திரி தூங்கல, கூட்டாளிகளோட பேச்சில்ல, ஆசையா வச்சிருந்த கிரிக்கெட் மட்டையைத் தூக்கித் தம்பிக்குக் குடுத்துட்டான், “நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி”ங்கிறான். இதுல எதைப் பாத்தோம்? போன் நோண்டாதேன்னு சத்தம் போட்டுட்டு சீரியலுக்குத் திரும்பிட்டோம். பக்கத்துல உக்காந்து நேராக் கேளுங்க, “ராசா, செத்துரலாம்னு தோணுதாய்யா?” கேட்டா இல்லாத நெனைப்பு வந்துருமோன்னு பயப்படுறீங்க. வராதுன்னு மனநல மருத்துவர்கள் தெளிவாச் சொல்றாங்க. கேட்டா பாரம் இறங்கும். கேட்டுட்டு, வாயை மூடிக்கங்க. அது பேசட்டும். கீதையில அர்ச்சுனன் ஒரு அத்தியாயம் முழுக்கப் புலம்பி முடிக்கிற வரைக்கும் கண்ணனே உபதேசத்தை ஆரம்பிக்கல. உங்களுக்கு என்ன அவசரம்?

மறுபடியும் அக்காகிட்ட வாரேன். தம்பி வளந்து சமணத்துக்குப் போயிட்டார். அங்க சூலை நோய், குடலை முறுக்குது. ஆள் விட்டுச் சொல்லி அனுப்புறார். நான் அங்க வர மாட்டேன்னு அக்கா சொல்லிடுறாங்க. கடைசியில ராத்திரியோட ராத்திரியா நடந்து திருவதிகைக்கு வந்து அக்கா காலுல விழுறார். இதைக் கவனமாக் கேளுங்க. “உனக்காகத்தானேடா உசுரை வச்சிக்கிட்டு இருந்தேன், என்னை விட்டுட்டுப் போனியே”ன்னு ஒரு வார்த்தை கேட்டாங்களா? கேக்கல. சொல்லிக் காட்டல. எந்திரின்னாங்க. திருநீறு குடுத்தாங்க. விடியறதுக்கு முன்னாடி வீரட்டானம் கோயிலுக்குக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. அன்னிக்குத் தம்பி அக்காவைப் பிடிச்சு நிறுத்தினார், இன்னிக்கு அக்கா தம்பியைத் தூக்கி நிறுத்துறாங்க. உங்க பிள்ளை தப்புப் பண்ணிட்டு ராத்திரி வாசல்ல வந்து நின்னா முதல் வார்த்தை என்ன சொல்லப் போறீங்க? இப்பவே முடிவு பண்ணி வச்சுக்கங்க. அந்த நேரத்துல யோசிக்க வராது.

அக்கா திருநீறோட நிறுத்தல, கூட நடந்தாங்க. நீங்களும் மந்திரிச்ச கயித்தைக் கட்டிவிட்டதோட நிறுத்தாதீங்க. கயிறு கட்டுங்க, ஆத்தாகிட்ட வேண்டுங்க, அப்படியே மதுரைப் பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கும் கூட்டிக்கிட்டுப் போங்க. பைத்தியம்னு பேர் வரும்ங்கிறீங்க. வரட்டும், பிள்ளை இருக்கும்ல?

கொடிக்கால்காரங்களுக்கு ஒண்ணு. பூச்சி மருந்தை அடுப்படி மாடத்துல, கட்டிலுக்கடியில வைக்காதீங்க. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பக்கம் சில ஊர்கள்ல, மருந்தை வீட்டுல வைக்காம ஊருக்குப் பொதுவா ஒரு கிடங்குல பூட்டி வச்சுப் பாத்தாங்க. சென்னை சிநேகா அமைப்பை 1986-ல ஆரம்பிச்ச டாக்டர் லட்சுமி விஜயகுமார் செஞ்ச வேலை அது. செத்துரலாம்ங்கிற நெனைப்போட வேகம் பெரும்பாலும் கொஞ்ச நேரந்தான். அந்த நேரத்துல மருந்து கைக்கு எட்டாம இருந்தா உசுரு தப்பும்.

ஒரு பிள்ளை முயற்சி பண்ணிருச்சா? போலீஸ் கேஸ் ஆகும்னு மறைச்சு வைக்காதீங்க. 2017 மனநலச் சட்டம் அது கடுமையான மன அழுத்தத்துல நடந்ததுன்னு வச்சு, வைத்தியமும் ஆதரவும் குடுக்கத்தான் சொல்லுது. பிள்ளையைப் பறிகுடுத்த வீடு இந்தச் சுத்துப்பட்டுல இருந்தா, அந்தத் தாய்கிட்டப் போய் துர்மரணம், கதி, பரிகாரம்னு பேசாதீங்க. எந்தச் சாஸ்திரம் படிச்சவனா இருந்தாலும் சொல்றேன், பேசாதீங்க. ஒரு சொம்பு காப்பியோட போய்ப் பக்கத்துல உக்காருங்க.

கடைசியா, அந்தத் தூண் பக்கம் செல்லு பாக்குற தம்பிகளா, பாப்பாக்களா. திட்ட மாட்டேன். அந்தச் செல்லுல ரெண்டு நம்பரைப் பதிஞ்சு வச்சுக்கங்க: 14416, டெலி மானஸ், தமிழ்லயே பேசுவாங்க. 104, நம்ம அரசு மருத்துவ உதவி. ரெண்டுக்கும் காசு கிடையாது, எந்த நேரமும் கூப்பிடலாம். உனக்கு அப்படித் தோணினாலும் சரி, உன் கூட்டாளி “யார்கிட்டயும் சொல்லாதேடா”ன்னு சத்தியம் வாங்கிக்கிட்டுச் சொன்னாலும் சரி, ஒரு பெரியவங்ககிட்டச் சொல்லிரு. அந்தச் சத்தியத்தை மீறலாம். பாவம் வந்தா என் கணக்குல எழுதிக்கிறேன்.

பதிஞ்சாச்சா? 1, 4, 4, 1, 6. பெரியவங்களும் பதியுங்க. பதிஞ்சிட்டுப் போய் பொங்கல் வாங்கிக்கங்க.