மழை தந்ததை நாம் எடுக்கலாமா?



மாரி ஓய்ந்து தை பிறந்ததும் வேலணையின் வயல் வரம்புகளிலும் வடலிகளுக்கிடையிலும் கௌதாரியின் குரல் கேட்கும். இலங்கையில் இப்பறவை எங்கும் வாழ்வதில்லை. யாழ்ப்பாணம், மன்னார், புத்தளம் என்னும் வறண்ட கரைப்பகுதிகளே அதன் இருப்பிடம். ஒரு வருஷம் அது எங்கும் தென்படும்; மறு வருஷம் தேடினாலும் கிடையாது. "மழை நல்லாய்ப் பெய்தது, இம்முறை நிறையக் கிடக்கு, நாலைந்தைப் பிடித்தால் என்ன குறைந்துவிடும்?" என்ற பேச்சும் அப்போது எழும். இந்தக் கேள்வியைச் சிறு விஷயமென்று தள்ளிவிடாமல், சற்று நின்று சிந்திப்போம்.

முதலில் மழைக்கும் பறவைக்கும் உள்ள தொடர்பைப் பார்ப்போம். கௌதாரி மரத்திற் கூடு கட்டுவதில்லை. புல்லுக்கும் பற்றைக்கும் அடியில், வெறுந்தரையிலே முட்டையிடுகின்றது. பொரித்து வெளிவந்த குஞ்சு தானியத்தை நம்பி வளர்வதில்லை. கறையானும் சிறு பூச்சிகளுமே அதன் முதல் உணவு. அளவான மழை பெய்தால் புல் தழைக்கும், பூச்சி பெருகும், கீரிக்கும் காகத்துக்கும் தெரியாமல் ஒளிந்துகொள்ள மறைவும் உண்டாகும். மழை பொய்த்தால் மூன்றும் இல்லை. அளவு மீறினாலோ தாழ்ந்த நிலத்துக் கூடுகள் வெள்ளத்தில் அழியும். நனைந்த குஞ்சுகள் குளிரில் மடியும். 2008 நவம்பரில் 'நிஷா' புயல் யாழ்ப்பாணக் குடாநாட்டை வெள்ளக்காடாக்கியது நம்மிற் பலருக்கு நினைவிருக்கும். மனிதரே மேட்டு நிலம் தேடி ஓடிய அந்நாட்களில், தரையிற் கூடு வைக்கும் பறவையின் கதி என்னவாயிருக்கும்?

ஆகவே ஒரு பருவத்தில் எத்தனை பறவைகள் உண்டு என்பதை முன்சென்ற மாதங்களின் வானிலையே பெரும்பாலும் தீர்மானிக்கின்றது. பிற தேசத்தார் இதை நன்கு அறிவர். ஸ்கொத்லாந்து மேட்டு நிலங்களில் குரௌஸ் என்னும் பறவையின் வேட்டைப் பருவம் ஓகஸ்ட் 12ஆம் திகதி தொடங்கும். அதற்கு முன் யூலையில் நாய்களின் துணையோடு பறவைகளைக் கணக்கெடுப்பர். ஈரமும் குளிரும் மிகுந்து குஞ்சுகள் அழிந்த வருஷங்களில் வேட்டையையே நிறுத்திவிடுவதும் உண்டு. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒவ்வோர் ஓகஸ்டிலும் காலை வேளையில் தெருவோரமாகச் சென்று பறவைகளை எண்ணுகிறார்கள். அங்கே முதலில் எண்ணிக்கை, பிறகே துப்பாக்கி.

இங்கேதான் ஒரு பலமான வாதம் எழுகின்றது. அமெரிக்க அறிஞர் போல் எரிங்டன், காடைகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, ஒரு நிலம் தாங்கக்கூடிய அளவுக்கு மேற்பட்ட பறவைகள் எப்படியும் பசியாலும் பகையாலும் மடியும் என்றார். அப்படியானால் மடியப்போகும் பறவையை மனிதன் எடுத்தால் என்ன குற்றம்? வாதம் அழகானது. ஆனால் அதற்குள் ஒரு நிபந்தனை மறைந்திருக்கின்றது. மிகுதி இருந்தால்தான் மிகுதியை எடுக்கலாம். பின்வந்த ஆய்வுகள் காட்டியபடி, மிகுதி இல்லாத வேளையிலும் இனப்பெருக்கக் காலம் நெருங்கும் வேளையிலும் பிடிக்கப்படும் பறவை, மடியவிருந்த பறவை அல்ல. அடுத்த தலைமுறையின் தாய். வேலணையில் இந்த மிகுதியை எண்ணியவர் யார்? வடலிக்குள் ஒரு குரல் கேட்டதும், 'நிறைய உண்டு' என்று முடிவு கட்டுகிறோம். இது கணக்கல்ல, ஆசையின் சாட்சியம்.

மேலும் நாம் வாழ்வது தீவு. கௌதாரி நெடுந்தூரம் பறக்கும் பறவையல்ல. நடந்தும் ஓடியும் திரிவது. இங்கே அற்றுப்போனால் கடல் தாண்டி வந்து அந்த இடத்தை நிரப்புவது எளிதன்று.

தீவகத்தார் நமக்கு இந்த அறம் புதிதல்ல. நம் கிணற்று நன்னீர் சுண்ணக்கல்லுக்குள் உவர்நீரின்மேல் மெல்லிய படலமாய் மிதக்கின்றது. மழை குறைந்த வருஷத்தில் அளவறிந்து இறைக்காவிட்டால் கிணறு உவர்க்கும். அயலவன் கிணறும் சேர்ந்தே உவர்க்கும். மழையை நாம் வரவழைக்கவில்லை. ஆயினும் எவ்வளவு இறைப்பது என்பது நம் கையிலேயே உள்ளது. பறவை விஷயமும் இதுவே. வானிலை நம் பொறுப்பன்று என்பது மெய். ஆனால் அதனால் நம் பொறுப்புக் குறைவதில்லை. வறட்சியும் வெள்ளமும் முன்னரே தம் பங்கை எடுத்துவிட்ட வருஷத்தில், நாம் எடுப்பது இன்னும் பாரமான செயலாகின்றது.

வேதாகமத்திலே எண்ணாகமத்தின் 11ஆம் அதிகாரத்தை நினைவுகூருங்கள். காற்று கடலிலிருந்து காடைகளைக் கொண்டுவந்து பாளையத்தைச் சுற்றி வீழ்த்தியது. இன்றும் இடம்பெயரும் காடைகள் கடல் தாண்டிக் களைத்து அப்பகுதிக் கரைகளில் விழுவதுண்டு. காற்று தந்த கொடை அது. மக்களோ இரண்டு பகலும் ஓர் இரவும் ஓயாது வாரிக் குவித்தனர். அந்த இடத்துக்கு ஆசையின் கல்லறை என்ற பெயரே எஞ்சியது. கொடையிற் குற்றமில்லை; அளவறியாத கையிலேதான் குற்றம். கூட்டோடு பறவையைக் கண்டால் தாயைப் போகவிட வேண்டும் என உபாகமம் 22ஆம் அதிகாரம் விதிக்கின்றது. அன்றே அறியப்பட்ட நியாயம் இது: பலனை எடுப்பவன் வேரை எடுக்கலாகாது.

"ஏழையின் அடுப்புக்கு ஒரு பறவை வேண்டாமா?" என்று கேட்கலாம். பசித்தவனைக் குற்றவாளியாக்குவது நம் நோக்கமன்று. அவன் பசி நம் எல்லோருக்கும் உரிய கடன். ஆனால் நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள்: கண்ணி வைப்பதும், வளர்த்த கௌதாரியைக் கூட்டில் வைத்துக் கூவச்செய்து மற்றவற்றை அகப்படுத்துவதும் எப்போதும் பசிக்காகத்தானா? வெளிநாட்டிலிருந்து வந்த உறவினருக்கு ஊர் ருசி காட்டவும், நல்ல விலைக்கு விற்கவும், வெறும் பொழுதுபோக்குக்காகவும் அல்லவா பலமுறை நடக்கின்றது? தேவைக்கும் ருசிக்கும் உள்ள வேற்றுமையை மனச்சாட்சி அறியும்.

1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் இன்று நம் காட்டுப் பறவைகளிற் பெரும்பாலானவற்றைக் கொல்லவோ பிடிக்கவோ இடந்தருவதில்லை. ஆயினும் வடலிக்குள் பொலிஸார் நிற்பதில்லை. அங்கே நிற்பது நம் மனச்சாட்சி ஒன்றே.

ஆகவே பெற்றோரே, பிள்ளையின் கையிலுள்ள கெற்றப்போலைப் பறித்தெறிவதோடு நின்றுவிடாதீர்கள். மாரி முடிந்ததும் அவனை வயல் வரம்புக்கு அழைத்துச் சென்று, எத்தனை குரல் கேட்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள். வருஷந்தோறும் எழுதி வைக்கச் சொல்லுங்கள். பற்றைக்குத் தீ வைப்பதைத் தவிருங்கள். வரம்போரம் சிறிது புல்லை விட்டுவையுங்கள். பெய்யும் மழையை நாம் கூட்டவோ குறைக்கவோ இயலாது. பெய்த மழையால் பிழைத்த உயிரைப் பிழைத்திருக்க விடுவது நம்மால் இயலும்.