தற்காப்புப் பயிற்சியும் கொல்லா விரதமும்

கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட இல்லத்துப் பிள்ளை, பிறரை அடிக்கவும் வீழ்த்தவும் கற்பிக்கும் பயிற்சிக்குச் செல்லலாமா? பெற்றோர் பலர், குறிப்பாகப் பெண்மக்களைப் பெற்றோர், இவ்வினாவை எழுப்புகின்றனர்.

இம்சையைச் சங்கற்பம், ஆரம்பம், உத்தியோகம், விரோதம் என நான்காகப் பகுத்த நம் ஆன்றோர், இல்லறத்தார் முற்றும் துறக்க வேண்டுவது கருதிச் செய்யும் சங்கற்ப இம்சையையே என்றனர். தன்னையும் தன்னைச் சார்ந்தோரையும் காக்கும்பொழுது நேரும் விரோத இம்சை அவர்க்கு அறவே விலக்கப்படவில்லை. ஆயினும் இவ்விடையோடு நாம் அமைதல் இயலாது. அனுமதி உண்டு என்பது வேறு; அப்பயிற்சி பிள்ளையின் மனத்தை என்ன செய்கிறது என்பது வேறு.

ஜப்பானில் 1882இல் ஜூடோக் கலையை நிறுவிய கானோ ஜிகோரோ, ஆசிரியர்களை உருவாக்கும் டோக்கியோப் பயிற்சிக் கல்லூரிக்குப் பல்லாண்டு தலைமை வகித்தவர். ஆசிரியப் பயிற்சி பெற்ற நமக்கு அதனாலேயே அவர்பால் தனி ஈடுபாடு உண்டு. அவர் கலையில் தொடக்கப் பாடம் வீழ்த்துவதன்று, விழுவது. தலை தரையில் மோதாதவாறு மோவாயை மார்போடு ஒடுக்கி, கையால் விரிப்பை அறைந்து விழப் பழக வேண்டும். பன்முறை அவ்வாறு விழுந்து எழுந்த பிள்ளைக்கு வீழ்ச்சியைப் பற்றிய அச்சம் தணிகிறது. அச்சம் தணிந்தால் சினமும் தணிகிறது. வகுப்பில் எடுத்ததற்கெல்லாம் கை ஓங்கும் சிறுவர் பலர் உள்ளுக்குள் நடுங்குவோர் என்பதை நம் பணிக்காலத்தில் கண்டிருக்கிறோம். இன்னும் ஒன்று. பிடியில் அகப்பட்டவர் கையால் தட்டிய அக்கணமே பிடித்தவர் விட்டுவிட வேண்டும். எதிர்நிற்பவரின் உடல் தன் பொறுப்பில் உள்ளது என்னும் உணர்வு இங்ஙனம் பழக்கமாகவே பதிகிறது. இதனினும் தெளிவான அகிம்சைப் பாடத்தை நாம் கரும்பலகையில் எழுதியதில்லை.

எனினும் எப்பயிற்சியும் நன்மையே தரும் என்று கூறத் துணியோம். டிரல்சன் என்னும் ஆய்வாளர் 1986இல் வெளியிட்ட ஆய்வொன்றில், தீய வழியில் சென்ற 34 சிறுவர் மூன்று குழுக்களாக ஆறு திங்கள் பயிற்றப்பட்டனர். தியானமும் ஒழுக்கநெறியும் சேர்த்து மரபுவழியில் டேக்வாண்டோ கற்றோரிடம் முரட்டுத்தனமும் பதற்றமும் குறைந்தன; தன்மதிப்பு உயர்ந்தது. அவற்றை விடுத்துச் சண்டை நுட்பம் மட்டும் கற்றோரிடம் முரட்டுத்தனம் முன்னிலும் மிகுந்தது. உடற்பயிற்சி மட்டும் செய்தது மூன்றாம் குழு. ஆய்வு சிறிதுதான். ஆனால் ஒரே உதை ஒருவனிடம் குரோதத்தைக் குறைக்கவும் மற்றொருவனிடம் வளர்க்கவும் கூடும் என்பது, கஷாயங்களைப் பற்றிப் படித்த நமக்கு வியப்பன்று.

மனச்சோர்வு நோயாக முற்றியவர்க்கு மருத்துவரே வேண்டும். பயிற்சிக்கூடம் அவர்க்கு ஈடாகாது.

ஆகவே, பிள்ளையைச் சேர்க்குமுன் பெற்றோர் ஒருநாள் மாலை அக்கூடத்தின் ஓரத்தில் அமர்ந்து பார்க்கலாம். அடிபட்ட குழந்தையிடம் முதலில் ஓடுபவர் யார்? தோற்றவனிடம் ஆசிரியர் என்ன பேசுகிறார்? பதக்கங்களைப் பற்றிய பேச்சே மிகுமாயின், குரோதம் போன இடத்தில் மானகஷாயம் குடியேறும். அவ்விடத்தை விட்டு வேறு கூடம் தேடுதல் நன்று.