கும்பிடுவதும் கேட்பதும்

பல்கலைக்கழகத்தில் மதத்தைப் பாடமாகப் படிக்கிறேன் என்று ஒருவர் சொன்னால், கேட்பவர் மனதில் உடனே இரண்டு சந்தேகம் எழும். சாமியாராகப் போகிறாரா? இல்லை, சாமியே கிடையாது என்று சொல்ல வருகிறாரா? ஓசூரில் மூன்றாவதாக ஒன்றும் சேர்ந்துகொள்ளும். இதைப் படித்துவிட்டு சிப்காட்டில் எந்தக் கம்பெனி வாசலில் போய் நிற்பது?

மூன்றாவது கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடலாம். வேலை குறைவு. யுஜிசி நெட் தேர்வில் சமயங்களின் ஒப்பாய்வு என்று ஒரு பாடம் இருக்கிறது. தேறினால் கல்லூரி ஆசிரியர் ஆகலாம். அந்தத் துறை வைத்திருக்கும் கல்லூரிகள்தான் மிகச் சில. குடும்பத்தைத் தாங்க வேண்டிய பிள்ளையிடம் இதை மறைத்துப் பேசுவது பாவம். ஒரு பட்டம் முடித்து, வேலையில் அமர்ந்து, பிறகு தொலைநிலைக் கல்வியில் படிக்கலாம். வாகன உதிரிபாக ஆலையில் ஷிப்ட் பார்த்துக்கொண்டே நான் சைவ சித்தாந்தம் முதுகலை படித்தது அப்படித்தான்.

நின்று பேச வேண்டியவை முதல் இரண்டு சந்தேகங்கள். அவை அக்கம்பக்கத்தாரிடம் மட்டும் இல்லை, படிக்கிறவருக்குள்ளேயே இருக்கின்றன. பதி, பசு, பாசம் மூன்றையும் விளக்குக என்ற கேள்விக்குப் பக்கம் பக்கமாக விடை எழுதும்போது, காலையில் திருநீறு பூசிய கை இதே கைதானா என்று எனக்குத் தோன்றியிருக்கிறது. கும்பிடுகிற ஒன்றை எட்ட நின்று பார்க்கலாமா? பார்த்த பிறகு கும்பிட முடியுமா?

இந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு கல்லூரிக்குப் போனவர்களில், பின்னாளில் குடியரசுத் தலைவரான ராதாகிருஷ்ணனும் ஒருவர். திருத்தணிப் பக்கத்துப் பிள்ளை. வேலூரில் ஊரீசு கல்லூரியில் படித்துவிட்டுச் சென்னை கிறிஸ்தவக் கல்லூரிக்குப் போனார். இந்து சமயத்தின் மேல் மிஷனரிமார் வைத்த விமர்சனம் அவரைத் தைத்தது. வேதாந்தத்தில் அறநெறிக்கு இடமில்லை என்ற குற்றச்சாட்டையே கையில் எடுத்து முதுகலை ஆய்வேடு எழுதினார். 1908இல் அது புத்தகமாகவும் வந்தது. ஆசிரியர் ஏ.ஜி. ஹாக் மனம் புண்படுமோ என்ற அச்சம் மாணவருக்கு இருந்தது. ஹாக் பாராட்டினார். இந்த இடத்தை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு நெஞ்சு நிறைகிறது. தன் மதத்தவர் சொன்னதை மறுத்து ஒரு மாணவர் எழுதியதை, வாதம் நிற்கிறதா என்று மட்டும் பார்த்து ஒரு மிஷனரி மதிப்பிடுகிறார். கோயிலிலும் தேவாலயத்திலும் கட்சி மேடையிலும் இதற்கு இடம் கிடைப்பது அரிது. வகுப்பறையில் கிடைத்தது.

1936இல் ஆக்ஸ்போர்டில் கீழைச் சமயங்களுக்கான பேராசிரியர் இருக்கையில் அமர்ந்தவரும் அவரே. சுதந்திரத்துக்குப் பின் 1948இல் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழுவுக்குத் தலைமை ஏற்றபோது ஒரு திட்டமும் கொடுத்தார். பட்டப்படிப்பின் முதலாண்டில் புத்தர், சாக்ரடீஸ், இயேசு, சங்கரர், இராமானுஜர், நபிகள் நாயகம், கபீர், நானக், காந்தி போன்றோரின் வாழ்க்கை. இரண்டாமாண்டில் பல சமய நூல்களிலிருந்து பகுதிகள். மூன்றாமாண்டில் சமயத் தத்துவத்தின் அடிப்படைச் சிக்கல்கள். எந்தத் துறை மாணவருக்கும் இது பொது. எங்கள் பக்கத்துப் பொறியியல் கல்லூரிப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் வியப்போடு கேட்கிறார்கள்.

மதச்சார்பற்ற நாட்டில் அரசுக் கல்லூரி மதத்தைத் தொடவே கூடாது என்று படித்தவர்களே நம்புகிறார்கள். அரசமைப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவு தடுப்பது, முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் நிறுவனத்தில் மதபோதனை செய்வதைத்தான். குருநானக்கின் வாழ்வையும் உபதேசத்தையும் ஆராய்வது மதபோதனை ஆகாது என்று 1971இல் பஞ்சாப் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2002இல் அருணா ராய் வழக்கிலும் மதங்களைப் பற்றிக் கற்பதற்குத் தடை இல்லை என்றது. சட்டம் கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறது. நாம்தான் உள்ளே போகவில்லை.

போன இடங்களிலும் எனக்கு ஒரு குறை உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் சைவ சித்தாந்தம், வைணவம், கிறிஸ்தவம், சமணம், இஸ்லாம் என்று தனித்தனியாகத் துறையோ மையமோ இருக்கின்றன. பெருமைப்பட வேண்டிய விஷயம். ஆனால் சைவக் குடும்பத்துப் பிள்ளை சைவத்தையும் கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளை கிறிஸ்தவத்தையும் படித்துவிட்டுப் போனால், சொந்த வீட்டுக்கே திரும்பி வந்ததுபோல் ஆகிவிடுகிறது. நான் படித்ததும் அப்படித்தான். அடுத்த வீட்டுத் திண்ணையில் ஒரு பருவமாவது உட்கார வேண்டாமா? முனியப்பனுக்கும் வேடியப்பனுக்கும் வயல் நடுவே நிற்கும் நடுகல்லுக்கும் இந்த வரிசையில் எங்கே இடம்?

அந்த இடத்தைத் தமிழ்த்துறைகள் கொடுத்தன. பேராசிரியர் தொ. பரமசிவனின் முனைவர் பட்ட ஆய்வு அழகர் கோயிலைப் பற்றியது. மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1989இல் அதை நூலாக வெளியிட்டது. பெரியாரைப் போற்றியவர் அவர். ஆனாலும் கள்ளழகருக்கு முன்னால் நிற்கும் உழவரையும் இடையரையும் பற்றி எழுதும்போது ஒரு வரியிலும் ஏளனம் இருக்காது. அவர்களுக்கு அழகர் யார் என்று கேட்டார். அவர்கள் சொன்னதைக் காது கொடுத்து வாங்கினார். சாமியார் ஆவதற்கும் சாமியை மறுப்பதற்கும் நடுவே இப்படி ஒரு வேலை இருக்கிறது என்று எனக்குக் காட்டியது அந்தப் புத்தகம்.

அந்த வேலைக்கு ஓசூரைவிட நல்ல ஊர் உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. ஜூஜுவாடியைத் தாண்டினால் கர்நாடகம். தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது நான்கும் ஒரே டீக்கடையில் கேட்கும். இப்போது ஒடியாவும் இந்தியும் கூட. ஆயுத பூஜைக்கு முதல் நாள் எங்கள் பிரஸ் ஷாப்பில் வேலை நின்றுவிடும். காட்டன் வேஸ்ட்டும் டீசலுமாக ஒவ்வொரு மிஷினையும் துடைப்பார்கள். மறுநாள் வாழைக்கன்று, சந்தனம், குங்குமம், வாசலில் வெள்ளைப் பூசணி, ஆளுக்கொரு பொரிகடலைப் பொட்டலம். ஒடிசாவிலிருந்து வந்த பையன்கள் இதற்கு முன்பே, செப்டம்பர் 17இல், விஸ்வகர்மா படத்தை வைத்து அதே மிஷினுக்குப் பூஜை செய்திருப்பார்கள். அவர்களில் ஒருவர் என்னிடம் கேட்டார்: “அண்ணா, எங்க ஊர்ல சரஸ்வதி புஸ்தகத்துக்கு. தை மாசம் வசந்த பஞ்சமிக்கு வருவா. இங்க ஏன் ஸ்பேனர் பக்கத்துல உக்காந்திருக்கா?”

முதுகலைத் தேர்வில்கூட இவ்வளவு நல்ல கேள்வி எனக்கு வரவில்லை. புத்தகத்தையும் அரிவாளையும் ஒரே நாளில் வைத்துக் கும்பிடும் நம் வழக்கத்தை நான் அதுவரை வழக்கமாகவே பார்த்திருந்தேன். எல்லைக்கு அந்தப் பக்கம் மைசூர்த் தசராவில் அரசரின் ஆயுதங்களுக்கும் யானை குதிரைகளுக்கும் நடப்பதும் இதே பூஜைதான். அரண்மனை ஆயுதம், உழவர் வீட்டு அரிவாள், பவர் பிரஸ் மூன்றும் ஒரே நாளில் குங்குமம் வாங்குகின்றன. ஒரு முழு ஆய்வேட்டுக்கு இது போதும்.

அதே பூஜையில் இன்னொன்றும் கவனித்தேன். முஸ்லிம் ஆபரேட்டர் ஒருவர் முந்தின நாள் தன் மிஷினை மற்றவர்களைவிடச் சுத்தமாகத் துடைப்பார். கற்பூரம் காட்டும் நேரத்தில் ஸ்டோர் பக்கம் போய் நிற்பார். பூஜையை மதிக்கவில்லை என்று சிலர் முணுமுணுத்தார்கள். நான் போய் விசாரித்தேன். மிஷின் தனக்குச் சோறு போடுவதால் துடைப்பதாகவும், அல்லாவுக்கு முன் வணங்குவதுபோல வேறு எதன் முன்னாலும் நிற்க முடியாது என்றும் சொன்னார். பொரிகடலையை வீட்டுப் பிள்ளைகளுக்கு வாங்கிப் போவாராம். உழைப்புக்கு மரியாதை என்பதும் வழிபாடு என்பதும் அவருக்குள் வேறு வேறாகத் தெளிவாக இருந்தன. எனக்குள் அவை ஒன்றாகக் கலந்து கிடந்தன. இப்படி ஒருவரிடம் பயமில்லாமலும் குத்தாமலும் கேட்பதற்கான பழக்கத்தை நான் பாடப்புத்தகத்தின் வழியாகத்தான் பெற்றேன்.

படித்தால் பக்தி போய்விடுமா என்பதற்கு நான் அறிந்த பதில் துரியோதனன் படுகளத்தில் இருக்கிறது. கிருஷ்ணகிரிப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் பதினெட்டு நாள் பாரதம் நடக்கும். கடைசி நாள் துரியோதனன் மண்ணுருவமாகப் படுத்திருப்பான். தலைமாட்டில் நின்றால் கால்மாட்டில் நிற்பவர் முகம் சரியாகத் தெரியாது, அவ்வளவு நீளம். பீமன் வேடம் கட்டியவர் தொடையை அடித்துப் பிளந்ததும் பாஞ்சாலி கூந்தல் முடிவாள். என் அம்மா அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்து முந்தானையில் முடிந்து வந்து நெல் குதிரில் போடுவார். செஞ்சி வட்டாரத்தை மையமாக வைத்து இந்த வழிபாட்டைப் பற்றி அமெரிக்கப் பேராசிரியர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988இலும் 1991இலும் இரண்டு பெரிய தொகுதிகள் எழுதியிருக்கிறார். அவர் வழியே என் அம்மாவின் சாமி சிகாகோ பல்கலைக்கழக அச்சகம் வரை போயிருக்கிறாள். அதை அறிந்த பிறகும் படுகளத்தில் பாஞ்சாலி கூந்தல் முடியும்போது எனக்குக் கண் கலங்குகிறது. முன்பு அம்மா அழுவதைப் பார்த்து அழுதேன். இப்போது எதற்காக அழுகிறேன் என்று தெரிந்து அழுகிறேன். சிலருக்கு நம்பிக்கை தளரலாம். அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கேள்வி கேட்டுத் தளர்ந்தது, கேட்காவிட்டாலும் என்றோ ஒருநாள் தளர்ந்திருக்கும் என்பது என் எண்ணம்.

ஓசூருக்குப் பக்கத்துத் தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த ராஜாஜி, பாரதத்தையும் இராமாயணத்தையும் உபநிடதத்தையும் எளிய நடையில் எழுதி வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தார். படிக்க வைத்தது அவர் பங்கு. கேட்க வைக்கும் பங்கு இங்கே இன்னும் மீதி இருக்கிறது. இந்த மாவட்டக் கல்லூரிகளில் விருப்பப் பாடமாக ஒரு தாள் தொடங்கினாலே போதும். முதல் பருவத்தில் புத்தகத்தை ஒதுக்கி வைக்கலாம். தேன்கனிக்கோட்டை பேட்டராயசுவாமி கோயில் வாசலிலும், கிருஷ்ணகிரி சையத் பாஷா மலையிலும், ஒரு நடுகல் முன்னாலும், செப்டம்பர் 17இல் ஏதாவது ஒரு பிரஸ் ஷாப்பிலும் மாணவர்கள் போய் நிற்கட்டும். தன் வீட்டு மதம் அல்லாத இடத்தைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று ஒரு விதி இருக்கட்டும். அங்கே கேட்ட கேள்விகளையும் கிடைத்த பதில்களையும், கேட்டவர் கருத்து கலக்காமல், எழுதி வரட்டும். எழுதியதை அங்கேயே திரும்பக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டி, “ஆமாம், நாங்க சொன்னது இதுதான்” என்று அவர்கள் ஒப்புக்கொண்டால் மதிப்பெண் போடலாம்.