கல்லின் விலையும் உரிமையின் மதிப்பும்

ஒரு மக்கட் கூட்டம் தன்னைத் தானே ஆள விரும்பும்போது அதன்முன் எழுப்பப்படும் தடைகள் பல. முன்னொரு காலத்தில், "உங்களுக்கு ஆளும் தகுதி இல்லை" என்றார்கள். அவ்வாறு சொல்வது இன்று நாகரிகமாகாது. ஆகவே, "அதற்கு எவ்வளவு செலவாகும் தெரியுமா?" என்று கேட்கிறார்கள். புதிய சபைக்கு மண்டபம் வேண்டும்; மண்டபத்துக்குக் கதிரைகள் வேண்டும்; கதிரைகளில் அமர்வோருக்குச் சம்பளமும் வாகனமும் வேண்டும். இவற்றையெல்லாம் கூட்டி ஒரு பெருந்தொகையை நம்முன் வைக்கிறார்கள். நாமும் மலைத்துப் போகிறோம். உரிமையைப் பற்றித் தொடங்கிய பேச்சு சீமெந்தின் விலையில் முடிந்துவிடுகிறது.

இந்தக் கேள்வியைச் சூழ்ச்சி என்று மட்டும் சொல்லித் தட்டிக் கழித்துவிட முடியாது. பொதுப்பணம் என்பது உழைப்பவன் சிந்திய வியர்வை. அது எங்கே போகிறது என்று கேட்பது நேர்மையான கேள்வி. ஆனால், ஒரு கட்டடத்தின் செலவைக் காட்டி ஒரு மக்களின் தன்னாட்சி உரிமையை மறுக்கலாமா என்பது வேறு வினா. இவ்விரண்டையும் பிரித்தறிவதே நம் நோக்கமாகும்.

இவ்விடயத்தில் ஸ்கொத்லாந்தின் அனுபவம் நமக்கு நல்ல பாடம். 1707இல் இங்கிலாந்துடன் இணைந்து தன் பாராளுமன்றத்தை இழந்த அந்நாடு, 1997 செப்டெம்பரில் நடந்த சர்வசன வாக்கெடுப்பின் வழியாகத் தனக்கென ஒரு பாராளுமன்றத்தை மீண்டும் பெற்றது. எடின்பரோ நகரின் ஹொலிரூட் பகுதியில் அதற்கு ஒரு கட்டடம் எழுப்புவதென முடிவாயிற்று. 1 கோடி முதல் 4 கோடி பவுண் வரை செலவாகலாம் என அரசின் வெள்ளையறிக்கை மதிப்பிட்டது. கற்றலோனியக் கட்டடக் கலைஞர் என்றிக் மிராயெஸ் வரைந்த அக்கட்டடம், மூன்றாண்டு தாமதித்து, 2004 ஒக்டோபரில் திறந்து வைக்கப்பட்டபோது செலவு 41 கோடி பவுணைத் தாண்டியிருந்தது.

அத்தொகை எவ்வாறு ஏறியது என்பதை பிரேசர் பிரபு தலைமையில் நடந்த விசாரணை 2004இல் வெளிப்படுத்தியது. வரைபடம் முற்றுப்பெறுமுன்பே வேலை தொடங்கியது. வேலைகள் பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டுத் தனித்தனி ஒப்பந்தகாரரிடம் கொடுக்கப்பட்டன. அம்முறையில் விலையேற்றத்தின் பாரம் ஒப்பந்தகாரரைச் சாரவில்லை; பொதுப்பணத்தின் தலையிலேயே விழுந்தது. அந்த ஆபத்தின் முழு அளவும் அமைச்சர்களுக்குத் தெளிவாக எடுத்துரைக்கப்படவில்லை.

பின்னர் 2014 செப்டெம்பர் 18ஆந் திகதி, ஸ்கொத்லாந்து முழுச் சுதந்திர நாடாக வேண்டுமா என்ற வாக்கெடுப்பு நடைபெற்றது. வாக்களித்தோரில் நூற்றுக்கு 44.7 வீதத்தினர் ஆம் என்றனர், 55.3 வீதத்தினர் இல்லை என்றனர். அந்த விவாதத்திலும் செலவுக் கணக்கு முன்னின்றது. புதிய அரசின் திணைக்களங்களை அமைக்க 270 கோடி பவுண் வரை செலவாகலாம் என்று பிரித்தானியத் திறைசேரி கூறியது. தம்முடைய ஆய்வைத் தவறாகப் பயன்படுத்தியே அத்தொகை காட்டப்பட்டது என்று பேராசிரியர் பற்றிக் டன்லீவி மறுத்தார். தொடக்கச் செலவு 20 கோடியளவில் அடங்கும் என்பது அவர் கணிப்பு. ஒரே பொருளுக்கு இருவர் சொன்ன விலையில் இத்தனை மடங்கு வேறுபாடு இருந்தால், அங்கே கணக்கோடு விருப்பமும் வெறுப்பும் கலந்திருக்கின்றன என்று ஐயுறுவதே அறிவுடைமை.

"ஒரு கட்டடத்தையே ஒழுங்காகக் கட்டத் தெரியாதவர்களுக்கு நாடு எதற்கு?" என்ற ஏளனமும் எழுந்ததுண்டு. இவ்வேளனம் ஆராயத்தக்கது. ஹொலிரூட்டில் அக்கட்டடத்தை எழுப்புவதென்றும், அதற்குக் கலைஞர் இன்னார், ஒப்பந்தமுறை இன்னது என்றும் தீர்மானிக்கப்பட்டது 1998இலும் 1999இன் தொடக்கத்திலுமாகும். அப்போது ஸ்கொத்லாந்துப் பாராளுமன்றம் பிறக்கவே இல்லை. தீர்மானித்தது லண்டன் அரசின் ஓர் அமைச்சு. இன்னும் பிறவாத குழந்தையின்மேல், அது பிறக்குமுன் பட்ட கடனைச் சுமத்தி, "இது ஊதாரிப் பிள்ளை" என்று தூற்றுவது எந்த நியாயம்?

அதுமட்டுமன்று. லண்டனில் பெரிய மணிக்கூடு தொங்கும் எலிசபெத் கோபுரத்தைப் பழுதுபார்க்க 2 கோடி 90 இலட்சம் பவுண் போதும் என்று தொடங்கிய வேலை, 8 கோடியை அண்மித்தது. வெஸ்ற்மின்ஸ்ரர் மாளிகை முழுவதையும் புதுப்பிக்க 700 கோடி முதல் 1300 கோடி பவுண் வரை வேண்டியிருக்கும் என 2022இல் மதிப்பிடப்பட்டது. ஆயினும், "ஆங்கிலேயருக்குப் பாராளுமன்றம் எதற்கு? அவர்களை வேறொருவர் ஆளட்டும்" என்று எவரும் சொன்னதாக நாம் அறியோம். மத்தியில் நிகழும் வீண்செலவு வெறும் நிருவாகத் தவறு என்று கொள்ளப்படுகிறது. விளிம்பில் நிகழும் வீண்செலவோ தகுதியின்மைக்குச் சான்றாகிவிடுகிறது. தராசு ஒன்றாகத் தோன்றினாலும் படிக்கற்கள் இரண்டாக இருக்கின்றன.

ஹொலிரூட் கதையில் நம் கருத்தைப் பெரிதும் கவரும் செய்தி இன்னொன்று உண்டு. 1999 மே மாதம் தொடங்கி ஐந்தாண்டுகள் வரை அப்பாராளுமன்றத்துக்குச் சொந்தக் கட்டடம் இருக்கவில்லை. ஸ்கொத்லாந்துத் திருச்சபையின் பேரவை மண்டபத்தை இரவல் பெற்றே அது பெரும்பாலும் கூடிற்று. அந்த இரவல் மண்டபத்தில்தான் நிலமானிய முறையின் எச்சங்களை ஒழிக்கும் சட்டம் 2000இல் நிறைவேறியது. முதியோருக்கு இலவசப் பராமரிப்பு வழங்கும் சட்டம் 2002இலும், கிராம மக்கள் தாம் வாழும் நிலத்தை விலைக்கு வாங்க வழிசெய்த நிலச் சீர்திருத்தச் சட்டம் 2003இலும் அங்கேயே பிறந்தன. முதியவளின் படுக்கையருகே ஒரு பராமரிப்பாளரை அனுப்புவதற்குப் பளிங்குத் தூண் தேவைப்படவில்லை. தன்னாட்சி வேறு, அதன் மாளிகை வேறு என்பதற்கு இதைவிடத் தெளிந்த சான்று வேண்டுமா?

மனித வாழ்வில் சில பொருள்களுக்கு விலையுண்டு. வேறு சிலவற்றுக்கு மாண்பு உண்டு என்று ஜேர்மானிய மெய்யியலாளர் கான்ற் 1785இல் எழுதினார். விலையுள்ளதன் இடத்தில் அதற்கு ஈடான இன்னொன்றை வைக்கலாம், மாண்புள்ளதற்கு ஈடில்லை. ஒரு மக்கள் தம் பள்ளிக்கூடத்தையும் நிலத்தையும் பற்றித் தாமே தீர்மானிக்கும் உரிமை இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. "இவ்வளவு பணம் மிச்சமாகும், உன் வாக்கை விட்டுவிடு" என்று ஒருவனிடம் சொல்வது, அவனை விலைக்குக் கேட்பதாகும்.

இவ்வுண்மையை நம் பக்கத்திலும் சிலர் திரித்துவிடுகிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். உரிமைக்கு விலையில்லை என்று மேடையில் முழங்குபவர், மேடையை விட்டு இறங்கியதும் கல்லுக்கும் கம்பிக்கும் விலை கேட்காதே என்கிறார். கேட்பவனைத் துரோகி என்கிறார். உரிமை விலைமதிப்பற்றதுதான், ஆனால் சீமெந்துக்கு விலையுண்டு, அவ்விலையைத் தருபவன் ஏழை. உரிமையின் புனிதத்தைக் கேள்விப்பத்திரத்தின்மேல் போர்த்துவிடும்போது ஊழல் அதனுள் சுகமாக உறங்குகிறது. விடுதலையின் பெயரால் செலவிடப்படும் பணத்துக்கு இரு மடங்கு கணக்குக் காட்டவேண்டும். ஏனெனில் அங்கே பணத்தோடு நம்பிக்கையும் செலவாகிறது.

இனி நம் நாட்டைப் பார்ப்போம். 1987 நவம்பரில் நிறைவேறிய 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின் வழியாக மாகாண சபைகள் தோன்றின. அன்றுதொட்டு அவற்றை எதிர்ப்போர் வாயில் ஓயாது ஒலிக்கும் சொல், "வெள்ளை யானை" என்பதாகும். அமைச்சர்கள், வாகனங்கள், கட்டடங்கள் எனச் செலவுப் பட்டியல் நீளுகிறது. அதே காலப்பகுதியில், 1982இல், தியவன்னா ஓயாவின் நீர்ப்பரப்பின் நடுவே, கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவாவின் கைவண்ணத்தில் புதிய பாராளுமன்றம் எழுந்தது. காலிமுகத்திடலில் 1930 முதல் ஒரு மண்டபம் இருக்கவே செய்தது. எனினும் அப்புதிய மாளிகையைக் காட்டிப் பாராளுமன்ற ஆட்சியே வேண்டாம் என வாதித்தவர் உண்டா? யானையின் நிறம் அது கட்டப்பட்டிருக்கும் இடத்தைப் பொறுத்து மாறுகிறது போலும்!

கிழக்கு மாகாண சபையின் கதையோ இன்னும் துயரமானது. வடக்கும் கிழக்கும் பிரிக்கப்பட்டபின் 2008 மே மாதம் அதற்குத் தேர்தல் நடந்தது. 2017 செப்டெம்பரில் அதன் காலம் முடிந்தது. அதன்பின் ஆண்டுகள் பல தேர்தலின்றியே கழிந்தன. ஆளுநரின் கையில் நிருவாகம் சென்றது. கட்டடங்கள் மூடப்பட்டனவா? இல்லை. செயலாளர்களும் வாகனங்களும் இல்லாதொழிந்தனரா? அதுவும் இல்லை. மக்கள் தெரிந்தெடுத்த உறுப்பினர் மட்டுமே இல்லாதுபோயினர். செலவு நிற்கவில்லை, மக்களின் பேச்சே நின்றது. வெள்ளை யானைக்குத் தீனி போடுவது தொடர, பாகனை மட்டும் துரத்திவிட்டார்கள். செலவைப் பற்றிய கவலையே உண்மையான கவலையாக இருந்திருப்பின் இவ்வாறு நிகழ்ந்திராது.

நம் கரையோர ஊர்களிலும் இவ்வினா வேறு வடிவில் வந்து நிற்கிறது. 1987க்கு முன்னர் கல்முனைப் பட்டின சபையும், கரைவாகு வடக்கு, தெற்கு, மேற்குக் கிராம சபைகளும் தனித்தனியே இருந்தன. மருதமுனை அன்று கரைவாகு வடக்கைச் சேர்ந்தது. சாய்ந்தமருது கரைவாகு தெற்கைச் சேர்ந்தது. அவை ஒன்றாக்கப்பட்டு, பின்னர் 2001இல் கல்முனை மாநகர சபையாயின. தமக்குத் தனிச் சபை வேண்டுமெனச் சாய்ந்தமருது மக்கள் 2017இல் கடையடைத்துக் கிளர்ந்தனர். 2020 பெப்ரவரியில் தனி நகர சபைக்கான வர்த்தமானி வெளியாயிற்று. அதே மாதத்திலேயே அது இடைநிறுத்தவும் பட்டது. மறுபுறம், கல்முனை வடக்குத் தமிழ் மக்கள் தமது உப பிரதேச செயலகத்தை முழு அதிகாரமுள்ள செயலகமாக்கக் கோரி 2019 ஜூனில் உண்ணாவிரதம் இருந்தனர்.

இக்கோரிக்கைகளின் எல்லைகளைப் பற்றி இங்கே தீர்ப்புச் சொல்ல நாம் முனையவில்லை. ஒன்றை மட்டும் கேட்க விரும்புகிறோம். நம் ஊர் தனிச் சபை கேட்டால் அது உரிமை. அயலூர் கேட்டால் அது வீண்செலவு என்று பேசுவது முறையாகுமா? முஸ்லிமின் செயலகம் நிருவாகம், தமிழனின் செயலகம் பிரிவினை என்றோ, அன்றி அதை மாற்றியோ சொல்வோமாயின், லண்டன் எடின்பரோவுக்கும் கொழும்பு திருகோணமலைக்கும் பிடித்த அதே தராசையல்லவா நாமும் கையில் எடுக்கிறோம்? தனக்கு இழைக்கப்பட்ட அநீதியை அயலானுக்கு இழைப்பதற்கு உரிமை என்று பெயரிட்டால், அச்சொல்லே மாசுபட்டுப் போகும்.

செலவு எப்போது உண்மையிலேயே வீணாகிறது என்பதையும் நம் மாவட்டமே நமக்குக் காட்டியிருக்கிறது. 2004 திசெம்பர் 26இல் கடல் பொங்கி நம் கரையை அழித்தது. வீடிழந்தோருக்காகச் சவூதி அரேபியாவின் நிதியில் அக்கரைப்பற்றை அடுத்த நுரைச்சோலையில் 500 வீடுகள் கட்டப்பட்டன. யாருக்கு எத்தனை வீடு என்ற வழக்கு எழுந்தது. இன விகிதப்படி பகிரவேண்டும் என 2009இல் தீர்ப்பாயிற்று. அவ்வீடுகள் எவருக்கும் கொடுபடாமல் ஆண்டுக்கணக்காகப் பற்றை மண்டிக் கிடந்தன. அங்கே பணம் இருந்தது. கல்லும் கூரையும் இருந்தன. ஒருவரையொருவர் நம்பும் மனமே இருக்கவில்லை. கட்டடத்தின் மிகப் பெரிய செலவு கணக்கேட்டில் எழுதப்படுவதில்லை.

அப்படியாயின் பொதுக் கட்டடத்தை எவ்வாறு அளப்பது? நம் ஊரின் கைத்தறி நெசவாளியைக் கொண்டு அளக்கலாம் என்பது நம் கருத்து. மருதமுனையிலிருந்து திருகோணமலை ஏறத்தாழ 170 கிலோமீட்டர் தூரம். ஒரு கையொப்பத்துக்காக அவன் அங்கே போனால் அன்று தறி ஓடாது, கூலியும் இல்லை. அவனுக்கு விளங்காத மொழியில் ஒரு கடிதம் வந்தால், அதைப் படித்துச் சொல்ல இன்னொருவனைத் தேடவேண்டும். இவையும் செலவுகளே. ஆனால் இவை அரசின் ஏட்டில் ஏறாமல் ஏழையின் ஏட்டில் ஏறுகின்றன. தூரத்து ஆட்சி மலிவானது என்போர், அதன் செலவில் ஒரு பகுதியை அவன் தோளுக்கு மாற்றிவிட்டே அவ்வாறு சொல்கிறார்கள். புதிய சபையோ செயலகமோ இச்சுமையைக் குறைக்குமாயின் அது தகும். குறைக்காமல் சிலரின் கதிரைகளை மட்டும் உயர்த்துமாயின், எத்தனை மலிவாகக் கட்டினாலும் அது தகாது.

எளிய மக்களுக்குக் கணக்கின் அறம் புதிதன்று. பிடியரிசி சேர்த்துப் பள்ளிவாசல் கட்டிய ஊர்கள் நம்முடையவை. ஒரு பிடி அரிசி தந்த மூதாட்டிக்கும் அக்கட்டடத்தின் கணக்கைக் கேட்க உரிமையுண்டு என்பதை அவ்வூர்கள் ஒப்புக்கொண்டன. கலீபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் தம் சொந்த விடயம் பேசும்போது அரசாங்க எண்ணெயில் எரிந்த விளக்கை அணைத்துவிட்டார் என்று ஒரு வரலாறு வழங்குகிறது. அவர் விளக்கை அணைத்தாரேயன்றி ஆட்சியை அணைக்கவில்லை. எண்ணெய்ச் செலவைக் காட்டி மக்களை இருளில் வைக்கவுமில்லை.

ஆகவே, தன்னாட்சி கேட்கும் மக்கள் தம் தலைவரிடம் முதல் நாளிலேயே கணக்கைக் கேட்கட்டும். வரைபடம் முடியுமுன் அத்திவாரம் வெட்டாதே, விலை ஏறினால் யார் பொறுப்பு என்று எழுதி வை, கணக்காய்வை மக்கள் அறியும் மொழியில் வெளியிடு என்று வற்புறுத்தட்டும். அதே கேள்விகளை அதே குரலில் மத்தியிடமும் கேட்கட்டும். கட்ட வசதியில்லையெனில் இரவல் மண்டபத்தில் கூடட்டும். ஓலைக் கொட்டிலில் இருந்தும் நல்ல சட்டம் இயற்றலாம். ஆனால் எவரேனும் செலவுப் பட்டியலை நீட்டி, "இதனால் உனக்கு வாய் திறக்கும் உரிமை இல்லை" என்பாராயின், பட்டியலை வாங்கி வரிவரியாகப் படித்துத் திருத்துவோம். உரிமையை மட்டும் அவரிடம் ஒப்படைக்கமாட்டோம்.